பரம்பொருள் ஆலையும் பொகீமியாவின் சிரிப்பும்

1618ஆம் ஆண்டு மே மாதம் 23ஆந் திகதி பிராக் நகரக் கோட்டையின் அலுவலக அறையொன்றினுள் புரட்டஸ்தாந்துப் பிரபுக்கள் கூட்டமாகப் புகுந்தனர். ஹாப்ஸ்பேர்க் அரசகுலத்தின் கத்தோலிக்கப் பிரதிநிதிகள் இருவரையும் அவர்தம் செயலாளர் ஒருவரையும் பிடித்து, சாளரத்தினூடாகக் கீழே எறிந்தனர். ஏறத்தாழ எழுபது அடி உயரம். விழுந்த மூவரும் உயிர்பிழைத்தனர். தேவமாதாவே அவர்களைத் தாங்கிக் கொண்டாள் என்று கத்தோலிக்கர் பறைசாற்றினர். சாளரத்தின் கீழே கிடந்த குப்பைமேடு தாங்கிக் கொண்டது என்று புரட்டஸ்தாந்தர் மறுமொழி கூறினர். அச்செயலாளருக்குப் பிற்காலத்தில் பேரரசர் பிரபுப் பட்டம் வழங்கியபோது, 'உயர்வீழ்ச்சி' எனப் பொருள்படும் சொல்லொன்று அவர் பெயரோடு சேர்க்கப்பட்டது. எந்த நகைச்சுவை ஆசிரியனும் இதனிலும் மேலான காட்சியொன்றைக் கற்பித்திருக்க முடியாது.

ஆயின் இந்நகைச்சுவையின் அடுத்த அங்கம் முப்பதாண்டுகள் நீடித்தது. 1648இல் சமாதான ஒப்பந்தங்கள் கைச்சாத்திடப்பட்டபோது, ஜேர்மன் நாடுகளின் மக்களில் ஐந்திலொரு பங்கினருக்குக் குறையாதோர் வாளுக்கும் பஞ்சத்துக்கும் கொள்ளைநோய்க்கும் இரையாகியிருந்தனர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. கடவுளைப் பற்றிய சர்ச்சை மனித குலத்தின் ஒரு பகுதியையே துடைத்தெறியக் கூடும் என்பதைப் பொகீமிய மக்கள் ஏட்டில் படித்து அறிந்தவர்களல்லர். தம் வயல்களில் கண்டு அறிந்தவர்கள்.

மூன்று நூற்றாண்டுகளின் பின் அதே பிராக் நகரில், அம்மக்களின் மொழியிலேயே, கடவுளையும் மதப்போரையும் மனிதகுலத்தின் பிழைப்பையும் பொருளாகக் கொண்ட வேடிக்கை நாவலொன்று தோன்றியது. கரெல் சாப்பெக் எழுதிய அந்நாவல் 'லிடோவே நொவினி' என்னும் நாளிதழில் 1921இல் தொடர்கதையாக வெளிவரத் தொடங்கி, 1922இல் நூலாயிற்று. 1927இல் ஆங்கிலத்திலும் வந்தது. அதன் செக் மொழித் தலைப்பை நாம் 'பரம்பொருள் ஆலை' எனப் பெயர்த்துக் கொள்ளலாம். 'றோபோ' என்ற சொல்லை உலகுக்கு வழங்கிய நாடகத்தின் ஆசிரியர் என்ற அளவிலேயே சாப்பெக்கை நம்மவருள் பலர் அறிவர். அச்சொல்லைக் கண்டெடுத்தவர் அவரது தமையனார் யோசெப் சாப்பெக். பண்ணையடிமைகள் தம் பிரபுவின் நிலத்தில் கூலியின்றிச் செய்த கட்டாய உழைப்புக்கு வழங்கிய 'றோபொட்டா' என்ற பழஞ்சொல்லே அதன் வேர். அந்த நாடகத்தின் புகழொளியில் இந்நாவல் ஓரளவு மறைந்து போயிற்று. அது நம் கவனத்துக்குரிய நூல் என்பது நமது துணிபு. காரணம் அதன் கற்பனையன்று. அக்கற்பனை எந்த மண்ணில் முளைத்ததோ அந்த மண்ணின் வரலாறு.

கதை 1943ஆம் ஆண்டின் முதல் நாளிலே தொடங்குகின்றது. எழுதப்பட்ட காலத்துக்கு அஃது இருபத்திரண்டு ஆண்டுகள் அப்பாற்பட்ட எதிர்காலம். போண்டி என்ற பெரும் ஆலை முதலாளி பத்திரிகையிலே ஒரு சிறு விளம்பரத்தைக் காண்கிறார். பொறியியலாளர் ஒருவர் தமது கண்டுபிடிப்பை விற்க விரும்புகிறார். பெயர் மாரெக், போண்டியின் பழைய கல்வித் தோழர். பிராக்கின் மேற்கேயுள்ள பிரெவ்னொவ் பகுதியில், மூடுபனியினூடே, போண்டி அவரைத் தேடிச் செல்கிறார். மாரெக் ஆக்கியிருப்பது 'காபுரேட்டர்' என்னும் யந்திரம். அது சடப்பொருளின் அணுவை முற்றாக எரித்து, எச்சமின்றிச் சத்தியாக மாற்றிவிடும். சிறிதளவு நிலக்கரி போதும், ஓர் ஆலையை நெடுங்காலம் இயக்கலாம். அங்ஙனமாயின் அதனை அவர் ஏன் விற்கத் துடிக்கிறார்? எரிந்தபின் சாம்பல் மிஞ்சுவதில்லை. ஆனால் வேறொன்று மிஞ்சுகிறது. ஸ்பினோசா போன்ற தத்துவவாதிகள் கூறியபடி சடப்பொருள் அனைத்திலும் கடவுள் உறைகிறாரென்றால், சடப்பொருள் அழியும்போது அதனுள் அடைபட்டிருந்த பரம்பொருள் கட்டவிழ்ந்து வெளியேற வேண்டுமன்றோ? அதுவே நிகழ்கிறது. யந்திரம் உள்ள நிலவறையினுள் இறங்குவோரைப் பக்திப் பரவசம் பற்றிக் கொள்கிறது. அற்புதங்கள் நிகழ்கின்றன. மாரெக் நாத்திகர், அதனாலேயே அவருக்கு அச்சம்.

அணுவுக்கு அணுவாய் இறைவன் நிறைந்திருப்பதைக் கேட்டுக்கேட்டுப் பழகிய தமிழ் வாசகனுக்கு இக்கருத்தில் வியப்பொன்றும் இராது. ஆனால் அதனைத் தொழிற்சாலைக் கழிவாகக் கண்ட கற்பனை சாப்பெக்குக்கே உரியது. புகைபோக்கியிலிருந்து கரி வருவது போலக் கடவுள் வருகிறார். போண்டி ஒரு கணம் தயங்குகிறார். பிறகு யந்திரத்தை வாங்கி, பெருந்தொகையிற் செய்து உலகெங்கும் விற்கத் தொடங்குகிறார். கழிவைப் பற்றிக் கவலையுறும் முதலாளியை எந்தக் காலத்தில் கண்டோம்!

கதை தொடங்கும் பிரெவ்னொவுக்கு அருகிலேயே 'வெள்ளை மலை' என்னும் குன்று உள்ளது. பிராக்கின் வாசகர்களுக்கு இதனை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நமக்குச் சொல்ல வேண்டும்.

1620 நவம்பர் 8ஆந் திகதி அக்குன்றின்மீது பொகீமியப் புரட்டஸ்தாந்துப் பிரபுக்களின் படை, பேரரசரின் கத்தோலிக்கப் படையிடம் இரண்டு மணி நேரத்துக்குள் தோற்றது. மறு ஆண்டு ஜூன் 21ஆந் திகதி பிராக்கின் பழைய நகரச் சதுக்கத்தில் இருபத்தேழு தலைவர்கள் கொல்லப்பட்டனர். அவர்களுள் பன்னிருவரின் தலைகள் இரும்புக் கூடைகளில் வைக்கப்பட்டுப் பாலக் கோபுரத்தில் பத்தாண்டுகள் தொங்கின. 1627இன் புதிய நிலச்சட்டம் கத்தோலிக்க சமயத்தை மட்டுமே அனுமதித்தது. மாறாதோர் நாட்டை விட்டு வெளியேறினர். கல்வியியலின் தந்தையருள் ஒருவராக ஆசிரியர்கள் போற்றும் கொமேனியசும் அவ்வாறு வெளியேறியவரே. அவர் மீண்டும் தாயகம் காணவில்லை.

பாடநூல்கள் இதனை 'மதப்போர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும். அச்சொல்லின் திரையைச் சற்று விலக்கிப் பார்த்தால் உள்ளே கணக்குப் புத்தகம் தெரியும். தோற்ற பிரபுக்களின் நிலங்கள் பறிமுதலாயின. பொகீமிய நிலவுடைமையின் பெரும்பகுதி கைமாறியது. 1622இல் லீக்டென்ஸ்ரைன் இளவரசர், தளபதி வாலன்ஸ்ரைன், வட்டித் தொழிலர் ஹான்ஸ் டி விற் ஆகியோரை உள்ளடக்கிய குழுவொன்று நாணயம் அடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தது. வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டி நாணயங்களை அடித்துத் தள்ளியது. அந்தச் செல்லாக்காசைக் கொண்டே பறிமுதலான பண்ணைகளை மலிவாக வாங்கியோர் உண்டு. 1623இல் நாணயத்தின் மதிப்பை அரசு ஒரேயடியாகக் குறைக்கவே, எளிய மக்களின் சேமிப்புகள் கரைந்தன. இதில் ஒரு வேடிக்கை: கத்தோலிக்கப் பேரரசரின் படைகளுக்குப் பணம் திரட்டித் தந்த அந்த டி விற், கல்வினிய மதத்தைச் சேர்ந்த புரட்டஸ்தாந்தர். மறுபக்கத்திலோ, பிரான்சின் முதலமைச்சராயிருந்த கத்தோலிக்கக் கர்தினால் றிச்சலியூ 1631இல் லூதரன் சுவீடனுடன் உடன்பாடு செய்து, கத்தோலிக்கப் பேரரசருக்கு எதிரான போருக்கு ஆண்டொன்றுக்கு நான்கு இலட்சம் தாலர் வழங்கினார். குடியானவன் மகன் கடவுளுக்காக மாண்டான். கர்தினாலும் வட்டிக்காரனும் அத்துணை எளிதில் ஏமாறவில்லை.

இதற்கும் முன்னே பொகீமியாவில் இன்னொரு போர் நடந்தது. 1415இல் யான் ஹூஸ் என்ற சீர்திருத்தப் போதகர் கொன்ஸ்தான்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டார். அவரைப் பின்பற்றியோர், நற்கருணைக் கிண்ணத்தின் திராட்சரசம் குருமாருக்கு மட்டுமன்றிப் பொதுமக்களுக்கும் உரியது என்றனர். கிண்ணமே அவர்களின் கொடிச் சின்னமாயிற்று. அவர்களுள் ஏழை விவசாயிகளும் கைவினைஞரும் நிறைந்த தாபோர் நகரில், 1420இல், வந்து சேர்ந்தோர் தம் பொருளைப் பொதுப் பேழைகளில் இட்டு யாவருக்கும் பொதுவாக்கினர். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் அத்தாபோரியரே சுற்றுவட்டாரக் குடியானவரிடம் வாரம் தண்டத் தொடங்கினர் என்பதையும் நாம் மறைத்தல் தகாது. ஐந்து சிலுவைப்போர்களை முறியடித்த அவர்கள், 1434இல் லிப்பானியில் அழிக்கப்பட்டனர். அழித்த அணியிலே கத்தோலிக்கரோடு தோளோடு தோள் நின்றவர்கள், அதே கிண்ணத்தைக் கொடியிற் பொறித்த மிதவாத ஹூஸியர்.

இத்தகைய நினைவுகளைச் சுமந்த ஒரு நாடு 1918 அக்டோபர் 28இல் விடுதலை பெற்றது. ஆறு நாட்களின் பின், நவம்பர் 3ஆந் திகதி, வெள்ளை மலையில் நினைவுக்கூட்டம் நடத்தித் திரும்பிய மக்கள், பழைய நகரச் சதுக்கத்தில் 1650இலிருந்து நின்ற தேவமாதா தூணில் கயிற்றைக் கட்டி இழுத்து வீழ்த்தினர். ஹாப்ஸ்பேர்க் ஆட்சியின் வெற்றிச் சின்னமென்றே அவர்கள் அதனைக் கருதினர். 1920இல் உரோமாபுரியோடு உறவை அறுத்துக்கொண்ட குருமார் செக்கோசிலோவாக்கியத் திருச்சபையை நிறுவினர். 1921இன் குடிசன மதிப்பு, ஏறத்தாழ 14 இலட்சம் பேர் கத்தோலிக்க சபையை விட்டு நீங்கியதைக் காட்டிற்று. புதிய சபையில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்திருந்தனர். அதே நாட்டில் சிலோவாக்கியக் கிராமங்கள் உறுதியாகக் கத்தோலிக்கமாகவே நின்றன. சாப்பெக்கின் நாவல் அச்சுக்கு வந்தது அந்த ஆண்டில்.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு நாவலைப் படிப்போர், அதில் மதகுருமாரின் சூழ்ச்சியையும் மக்களின் மூடத்தனத்தையும் சாடும் வழக்கமான ஏளனத்தை எதிர்பார்ப்பர். வொல்டேர் காலந்தொட்டு ஐரோப்பிய முற்போக்காளருக்குக் கைவந்த கலை அது. சாப்பெக் அவ்வழியிற் செல்லவில்லை. அவரது நாவலில் கடவுள் பொய்யல்லர். காபுரேட்டரிலிருந்து வெளிப்படுவது உண்மையான பரம்பொருளே. அதன் அற்புதங்கள் உண்மையானவை. அதனால் தீண்டப்பட்டோர் உண்மையிலேயே நல்லவராகிறார்கள், தம் உடைமைகளை ஏழைகளுக்கு வாரி வழங்குகிறார்கள். திருச்சபை மட்டும் மகிழவில்லை. நிலவறைக்கு அழைத்து வரப்படும் ஆயர், உண்மைக் கடவுள் கட்டுப்பாடின்றி நடமாடுவது சபைக்குப் பெருந்தொல்லை என்பதை உடனே உணர்கிறார். பின்னர், தடுக்க முடியாதென்று தெரிந்ததும், உரோமாபுரி அதனைத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. நிறுவனம் எத்தகையது என்பதை இரண்டொரு பக்கங்களில் இத்துணைத் துல்லியமாக வரைந்துகாட்டிய பிறிதொரு நூலை நாம் கண்டதில்லை.

நாவலின் மிகச் சிறந்த பகுதி மதத்தைப் பற்றியதன்று, பொருளியலைப் பற்றியது. பரம்பொருள் மனிதரை ஆட்கொள்வதோடு நில்லாது ஆலைகளிலும் புகுந்து வேலை செய்யத் தொடங்குகிறது. அது படைப்பதே தொழிலாய் உடையது. அளவு என்பதை அறியாதது. ஆணி செய்யும் ஆலையில் அது புகுந்தால் ஆணிகள் மலைமலையாகக் குவிகின்றன. எவருக்கு வேண்டும், எங்கே வேண்டும், எப்படிக் கொண்டுபோவது என்பதை அது சிந்திப்பதில்லை. ஓரூரில் ஆணி மலை. அடுத்த ஊரில் ஓர் ஆணிக்கும் வழியில்லை. விலை பூச்சியமாகிறது. விலையில்லாத பொருளை ஏற்றிச் செல்ல எவனும் முன்வரான். எல்லையற்ற செல்வத்தின் நடுவே பஞ்சம் வருகிறது. 1929இன் பெரும் பொருளாதார வீழ்ச்சிக்கு ஏழெட்டாண்டுகள் முன்பே எழுதப்பட்ட பகுதி இது. பிரேசிலில் கோப்பியை எரித்த காட்சியை உலகம் பின்னரே கண்டது. உற்பத்திப் பெருக்கம் ஒன்றே விடுதலையாகாது, பங்கீடே கேள்வி என்பதை ஒரு மிதவாத எழுத்தாளர் ஆணி மலையைக் காட்டிச் சிரிக்க வைத்தே உணர்த்திவிடுகிறார்.

பஞ்சத்திலிருந்து மக்களைக் காப்பாற்றுபவர் யார்? குடியானவர். பக்தி அவரையும் தொட்டிருக்கலாம். ஆனால் அவர் எதையும் இலவசமாகக் கொடுப்பதில்லை. நகரத்தார் தம் தட்டுமுட்டுகளைச் சுமந்து வந்து கெஞ்ச, அவர் உருளைக்கிழங்குக்கு மேலும் மேலும் விலை கூட்டுகிறார். அவரது கருமித்தனமே உணவை அழியாது காத்தது என்று கதைசொல்லி அவருக்குப் புகழ்மாலை சூட்டுகிறார். இப்புகழ்ச்சியில் கிண்டல் எவ்வளவு, மெய் எவ்வளவு என்று பிரித்தல் கடினம். முதலாம் உலகப் போரின் இறுதியாண்டுகளில் பிராக் நகரத்தார் பசியோடு கிராமங்களுக்குப் படையெடுத்ததை நினைவிற் கொண்டோருக்கு இது கைத்த சிரிப்பாகவே இருந்திருக்கும்.

பிறகு போர். ஆற்றிலே மண் அகழும் யந்திரப் படகொன்றில் காபுரேட்டர் இருக்கிறது. அதனைச் சூழ்ந்து குசெண்டா என்பவரின் தலைமையில் ஒரு பக்தர் குழு உருவாகிறது. கண்காட்சிகளில் இராட்டினம் சுற்றும் பிண்டர் என்பவரிடம் மற்றொரு காபுரேட்டர். இராட்டினத்தில் ஏறியோர் அருள் பெறுகின்றனர். இரண்டும் ஒரே பரம்பொருள். எனினும், படகின் கடவுளா, இராட்டினத்தின் கடவுளா மெய்யானது என்று பகை மூள்கிறது. அஃது ஊரிலிருந்து நாட்டுக்கும், நாட்டிலிருந்து உலகுக்கும் பரவுகிறது. ஒவ்வொரு தேசமும் தன் கடவுளே முழுக் கடவுள் என்று சாதிக்கிறது. நாவலின் கணக்குப்படி 1944இல் மூண்ட அப்பெரும்போர் 1953இல் ஓய்கிறது; களம் புகுந்த 19 கோடியே 80 இலட்சம் வீரருள் எஞ்சியோர் பதின்மூவர்.

மிகைக் கற்பனை என்று இதனைத் தள்ளிவிடலாகாது. 1914இல் எல்லா நாட்டுக் குருமாரும் தத்தம் பீரங்கிகளை ஆசீர்வதித்தனர். ஜேர்மன் சிப்பாயின் இடுப்புவார்ப் பூட்டிலே 'கடவுள் எம்மோடு' என்று பொறிக்கப்பட்டிருந்தது. எதிரே நின்ற சிப்பாயும் அதே வேதநூலைத்தான் வைத்திருந்தான். ஒரு கோடிக்குக் கிட்டிய போர்வீரர் மாண்டனர். முதுகெலும்பு நோயினால் படைக்குத் தள்ளுபடியான சாப்பெக், தம் தலைமுறை அழிவதைப் பிராக்கிலிருந்தே கண்டார். அவர் செய்ததெல்லாம் அந்தக் கணக்கை இருபது மடங்காக்கியதே.

போர்ப் பகுதி முதற்பகுதியளவு செறிவுடையதன்று. பத்திரிகைத் தொடருக்காக எழுதியதன் களைப்பு அங்கே தெரிகிறது. பிரெஞ்சு நாட்டில் புதிய நெப்போலியன் ஒருவன் தோன்றுவதும், ஆசியப் படைகள் பெருக்கெடுத்து வருவதும் அவசர அவசரமாகச் சொல்லப்படுகின்றன. ஆசிய மக்களைப் பற்றிய ஐரோப்பியரின் பழைய அச்சத்தை அவர் கேலி செய்கிறாரா, தாமும் பகிர்ந்துகொள்கிறாரா என்பது தெளிவாக இல்லை. ஆசியராகிய நமக்கு அப்பக்கங்கள் சற்று உறுத்தவே செய்கின்றன.

முடிவோ முற்றிலும் வேறு தொனி. காபுரேட்டர்கள் அழிந்துவிட்டன. சிற்றூர்த் தவறணையொன்றில், முன்பு ஒருவரையொருவர் அழிக்கப் புறப்பட்டவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து, புளிக்கவைத்த கோவாவோடு சொசேஜ் உண்கிறார்கள். ஒருவன் நம்பும் உண்மை பெரிதாகப் பெரிதாக, அதனை முழுவதும் தனக்கே உரிமையாக்கிப் பிறரை ஒதுக்கும் வெறியும் பெரிதாகிறது என்னும் கருத்துப்படப் பேசிக்கொள்கிறார்கள். மனிதகுலத்தின்மீது அன்பு வைப்பது எளிது, அடுத்திருப்பவன்மீது வைப்பதே அரிது என்பது அவர்கள் பேச்சின் சாரம்.

இங்குதான் இடதுசாரி வாசகராகிய நமக்குச் சங்கடம் தொடங்குகிறது. அச்சங்கடத்தைத் தவிர்த்துச் செல்ல நாம் விரும்பவில்லை.

நாவல் தோன்றிய சூழலில் மதச்சர்ச்சை மட்டும் இருக்கவில்லை. 1920 டிசம்பரில் பிராக்கின் தொழிலாளர் இல்லத்தைப் பொலிஸ் கைப்பற்றியதை அடுத்துப் பொது வேலைநிறுத்தம் மூண்டது. அது துப்பாக்கியால் அடக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் மாண்டனர். 1921 மே மாதத்தில் செக்கோசிலோவாக்கியக் கம்யூனிஸ்ட் கட்சி உதயமாயிற்று. 1924இல் சாப்பெக், தாம் ஏன் கம்யூனிஸ்ட் அல்லர் என்பதை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். ஏழைகளின் பக்கம் நிற்பதாகவே அவர் அதில் கூறுகிறார். ஆனால் முழு உண்மை தம்மிடமே உண்டென்னும் குரலை ஏற்க மறுக்கிறார். 'பரம்பொருள் ஆலை'யின் தவறணை மேசையில் பேசப்பட்டதுதான் அங்கே அரசியல் மொழியில் வருகிறது. ஆக, அவரது சிரிப்பு உரோமாபுரியை மட்டும் சுடவில்லை, நம்மையும் சுடுகிறது.

அவருக்கு நாம் கூறத்தக்க விடை ஒன்றுண்டு. அதனை அவரது கதையிலிருந்தே எடுக்கலாம். காபுரேட்டர் யாருடையது? போண்டியுடையது. உலகிற்கு நேரப்போகும் கேட்டை நன்கறிந்தே, இலாபத்தின்பொருட்டு அதனை விற்றவர் அவரே. பேரழிவு நெருங்கும்போது அவர் பசிபிக் சமுத்திரத்தின் பவளத்தீவொன்றுக்குத் தப்பிச் செல்கிறார். படகுக்காரனும் இராட்டினக்காரனும் ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்ளலாம், மன்னிக்க வேண்டியதுதான். ஆனால் போண்டியின் கணக்கை அந்தத் தவறணையில் எவரும் எழுப்பவில்லை. ஹான்ஸ் டி விற்றையும் லீக்டென்ஸ்ரைனையும் மறந்துவிட்டு முப்பதாண்டுப் போரின் வரலாற்றை எழுதுவது போன்றது இது. சகிப்பின்மையே போருக்குக் காரணமெனில், கல்வினியன் கத்தோலிக்கப் படைக்குக் கடன் கொடுத்தது எந்தச் சகிப்பினால்?

இவ்விடை சரியானதே. ஆயினும் அது முழு விடையன்று. தாபோரின் பொதுப் பேழைகளைத் திறந்தவர்களே ஆறு மாதங்களுக்குள் வாரம் தண்டியதற்கு எந்தப் போண்டி காரணம்? லிப்பானியில் கிண்ணக் கொடியைக் கிண்ணக் கொடி வெட்டியதற்கு நிலவுடைமை நலன் ஒரு காரணம் என்போம். அதை நாம் ஏற்கிறோம். ஆனால் வெட்டியவனது கை நடுங்காதிருந்ததற்கு அவன் உள்ளத்திலிருந்த முழுமுதல் உண்மையும் காரணமன்றோ? நமது நூற்றாண்டின் இயக்கங்கள் பிளவுற்று, பிளவுற்ற ஒவ்வொரு துண்டும் தன்னையே முழுமையென்று கருதிய கதைகளை அறிந்த ஆசிரியரும் மாணவரும் இந்தக் கேள்வியை எதிரியின் கேள்வியென்று ஒதுக்கிவிட முடியாது. சாப்பெக் வர்க்கத்தைக் காணத் தவறினார் என்று குற்றஞ்சாட்டும் உரிமை, அவர் கண்டதை நாமும் கண்டபின்னரே நமக்கு உண்டு.

அவரும் 1922இலேயே நின்றுவிட்டாரல்லர். 1936இல் வெளிவந்த 'பல்லிகளோடு போர்' என்ற நாவலில் போண்டி மீண்டும் அதே பெயரோடு வருகிறார். இம்முறை கடலில் வாழும் பல்லியுயிர்களை அடிமைத் தொழிலாளராக விற்கும் கூட்டு நிறுவனத்தின் தலைவராக. அங்கே உடைமை என்ற கேள்வியைச் சாப்பெக் தவிர்க்கவில்லை. எல்லா அரசுகளும் எல்லா வங்கிகளும், தம்மை அழிக்கப்போகும் பல்லிகளுக்கு ஆயுதம் விற்கின்றன. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. 1937இல் அவர் எழுதிய 'வெள்ளை நோய்' நாடகத்தில், போரை நிறுத்தினாலன்றிச் சர்வாதிகாரிக்கும் ஆயுத முதலாளிக்கும் மருந்து தரமறுக்கும் மருத்துவன், போர்வெறி கொண்ட கூட்டத்தின் காலடியில் மிதிபட்டு மடிகிறான். தவறணை மேசையின் நல்லெண்ணம் போதாது என்பதை அவரே எழுதிவிட்டார்.

1938 செப்டெம்பர் இறுதியில் மியூனிக்கில் பிரித்தானியாவும் பிரான்சும் செக்கோசிலோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்கு எழுதிக் கொடுத்தன. அவ்வாண்டு டிசம்பர் 25ஆந் திகதி, நாற்பத்தெட்டு வயதில், சாப்பெக் நுரையீரல் அழற்சியால் மாண்டார். 1939 மார்ச் 15இல் ஜேர்மன் படைகள் பிராக்கில் நுழைந்தன. அவர் இறந்ததை அறியாது இரகசியப் பொலிஸார் அவரைக் கைது செய்ய வந்தனர் என்று கூறுவர். தமையனார் யோசெப் 1939 செப்டெம்பர் முதலாந் திகதி கைது செய்யப்பட்டு, தாக்கௌ, புக்கன்வால்ட், சக்சன்ஹவுசன் என முகாம் முகாமாகக் கொண்டுசெல்லப்பட்டு, 1945 ஏப்பிரலில் பேர்கன்-பெல்சனில் உயிர்நீத்தார்.

நாவலின் 1943 ஜனவரி முதலாந் திகதிக்கு ஒரு மாதம் முன்பாக, 1942 டிசம்பர் 2இல், அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பெர்மியின் குழுவினர் அணுவின் தொடர்வினையை முதன்முதலாக நிகழ்த்திக் காட்டினர். அதிலிருந்து எந்தக் கடவுளும் வெளிவரவில்லை. 1945 ஓகஸ்ட் 6இல் ஹிரோஷிமாவில் வெளிவந்தது எதுவென்று நாமறிவோம்.

பழைய நகரச் சதுக்கத்தில் வீழ்த்தப்பட்ட தேவமாதா தூணின் பிரதி, நெடிய சர்ச்சையின் பின், 2020இல் அதே இடத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டது. 1915இல் திறக்கப்பட்ட ஹூஸின் சிலைத்தொகுதி அதற்குச் சில அடிகள் தள்ளி நிற்கிறது. 1621இல் கொல்லப்பட்டோரின் நினைவாக இருபத்தேழு வெள்ளைச் சிலுவைகள் நகர மண்டபத்தின் முன் கல் பாவிய தரையிலே பதிக்கப்பட்டுள்ளன. அவற்றின்மீது நடந்துதான் மக்கள் ஞாயிறுதோறும் உலாவச் செல்கிறார்கள்.